படகு இன்ஜின் வேலைக்கு வீட்டுக் கொட்டகையில் 20 டன் பிரஸ்

கேள்வி இதுதான்: பாம்பன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை இருக்கிறது. வல்லத்து (நாட்டுப் படகு) இன்ஜின் பேரிங், விசிறித் தண்டின் புஷ் (தண்டு சுழலும் உறைக்குழாய்) இதெல்லாம் கழற்றி மாட்ட 20 டன் பாட்டில் ஜாக்கை (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஜாக்) வைத்து ஒரு பிரஸ், அதாவது இரண்டு தூண், மேல் சட்டம், கீழ் மேடை உள்ள அழுத்தும் கருவி, அடிக்க வேண்டும். 100 மி.மீ. சேனல் (ப வடிவ இரும்பு) போதுமா? கடையில் வரும் சின்ன பிரஸ்ஸை வாங்கி மாற்றிக்கொள்வது மேலா? உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

முதலில் சேனல். நேராகச் சொல்கிறேன், 20 டன்னுக்கு 100 மி.மீ. சேனலை மேல் சட்டமாகப் போடாதீர்கள். ஜாக்கின் மேல் 20 டன் என்று எழுதியிருப்பது ஜாக்கின் பலம். அந்த விசையை வாங்கிக்கொள்வது சட்டமும், மேடையைத் தூணில் தாங்கும் பின் என்ற குறுக்குக் கம்பியும், மேடையும்தான். எது முதலில் வளைகிறதோ அதுதான் உங்கள் பிரஸ்ஸின் உண்மையான டன்.

கணக்கு பெரிய கணக்கில்லை. இரண்டு தூணுக்கும் நடுவே 60 செ.மீ. இருந்து, நடு மையத்தில் 20,000 கிலோ அழுத்தினால் வளைக்கும் திருப்பம் 20,000 × 60 ÷ 4, அதாவது 3,00,000 கிலோ-செ.மீ. ஐ.எஸ்.எம்.சி. 100 (இந்தியத் தர அளவில் 100 மி.மீ.) சேனல் ஒன்றின் வெட்டு மாடுலஸ், அதாவது வளைவைத் தாங்கும் அளவு, ஏறக்குறைய 37 கன செ.மீ. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு போட்டால் 74. வகுத்துப் பாருங்கள், சதுர செ.மீ.க்கு 4,000 கிலோவைத் தாண்டுகிறது. சாதாரண எம்.எஸ். இரும்பு (மைல்டு ஸ்டீல்) 2,500 கிலோவிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். ஐ.எஸ்.எம்.சி. 125 இரண்டு போட்டால் சுமார் 2,250 வருகிறது, அது விளிம்பில் நிற்பது. ஐ.எஸ்.எம்.சி. 150 இரண்டு போட்டால் சுமார் 1,450. மேல் சட்டத்துக்கும் கீழ் மேடைக்கும் இதுதான் சரி. 100 மி.மீ. சேனல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், இடைவெளியை 50 செ.மீ. ஆக்கி, 10 டன் ஜாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வல்லத்தின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் வேலையில் பெரும்பாலானதை 10 டன்னே முடித்துவிடும். விசைப்படகின் கியர் பெட்டி, பெரிய தண்டு என்று வந்தால்தான் 20 டன் தேவைப்படும்.

தூண்களுக்கு 100 மி.மீ. சேனல் போதும். ஏனென்றால் தூண் வளைவதில்லை, இழுபடுகிறது. ஆளுக்கு 10 டன் இழுவையைத் தாங்க 11.7 சதுர செ.மீ. குறுக்குவெட்டு தாராளம். வாங்கப் போகும்போது எடை போட்டு வாங்குங்கள். 150 சேனல் மீட்டருக்கு 16.4 கிலோவுக்குக் குறையக் கூடாது, 100 சேனல் 9.2 கிலோவுக்குக் குறையக் கூடாது. அளவு சரியாக இருந்தும் எடை குறைந்த லைட் சேனல் சந்தையில் உண்டு. மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. 150 சேனல் 75 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு, மொத்தம் 3 மீட்டர், 50 கிலோ. 100 சேனல் ஒன்றரை மீட்டரில் இரண்டு, 29 கிலோவுக்குள்.

நிறுத்தும் விதம்: தூண் சேனலின் விளிம்புகள் முன்னும் பின்னும் பார்க்க, நடுத்தகடு பக்கவாட்டில் இருக்கட்டும். 150 சேனல்கள் இந்த விளிம்புகளுக்கு வெளியே, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக வரும். மேல் சட்டத்தை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் மாட்டுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் எம் 20, 8.8 தர போல்ட் இரண்டு, மொத்தம் எட்டு. சேனல் விளிம்பின் உட்பக்கம் சரிவாக இருக்கும், நட்டு அங்கே சாய்ந்து உட்கார்ந்தால் போல்ட் வளைந்தே இறுகும். அதற்கென்று ஆப்பு வடிவ வாஷர் கிடைக்கிறது, அதைப் போடாமல் இறுக்காதீர்கள்.

பின் ஓட்டைதான் பலரும் கோட்டைவிடும் இடம். 20 டன்னில் ஒவ்வொரு பின்னுக்கும் 10 டன், ஒவ்வொரு ஓட்டைக்கும் 5 டன். 25 மி.மீ. பின், ஏழரை மி.மீ. கனமுள்ள விளிம்பில் உட்கார்ந்தால் சதுர மி.மீ.க்கு சுமார் 27 கிலோ அழுத்தம். எம்.எஸ். தாங்குவது 25. நாலு தடவை முழு பாரம் ஏற்றினால் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், அதன்பின் மேடை ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். விளிம்பின் வெளிமுகத்தில், மேலிருந்து கீழ்வரை 50 × 10 மி.மீ. பட்டையை வெல்டிங் வைத்து, பிறகு ஓட்டை போடுங்கள். அழுத்தம் 11 கிலோவுக்கு இறங்கிவிடும். பின் இ.என். 8 (எம்.எஸ்.ஸைவிட வலுவான எஃகு) கம்பியில் 25 மி.மீ. விட்டம், 250 மி.மீ. நீளம். 20 மி.மீ. கம்பியை அறுத்துப் போடுவது வேண்டாம், அது வெட்டுப்படும் எல்லைக்கே வந்துவிடும். ஓட்டைகளை 100 மி.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். இரண்டு தூணையும் சேர்த்துக் கட்டி ஒரே குறியில் துளைத்தால்தான் இடதும் வலதும் ஒரே மட்டத்தில் வரும். தனித்தனியாக அளந்து துளைத்தால் 2 மி.மீ. வித்தியாசம் எப்படியும் வந்து நிற்கும்.

பட்டை சேர்ந்தபின் தூணின் கனம் 120 மி.மீ. ஆகிறது. ஆகவே மேடையின் இரண்டு சேனலுக்கும் நடுவே 123 மி.மீ. குழாய்த் துண்டு வைத்து, அதற்குள் போல்ட் விட்டு இறுக்குங்கள். இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் இரண்டு. சேனல் மீது பாரம் இறங்கும்போது அது வளைவதற்கு முன் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். குழாய்த் துண்டு அதைத்தான் தடுக்கிறது. பாரம் இறங்கும் நடுப்பகுதியில் சேனலின் பள்ளத்துக்குள் 10 மி.மீ. தகட்டை நிறுத்தி வெல்டிங் வையுங்கள்.

ஜாக்கைத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். சாதாரண பாட்டில் ஜாக்கில் பம்ப் எண்ணெய் எடுக்கும் துளை அடியில் இருக்கிறது. கவிழ்த்தால் எண்ணெய் மறுபுறம் போய், பம்ப் காற்றை உறிஞ்சும். கைப்பிடி மெத்தென்று போகும், தண்டு நகராது. நிமிர்ந்தபடியே ஒரு நகரும் சட்டத்தின் மேல் ஜாக்கை வையுங்கள். ஜாக் தண்டு மேல் சட்டத்தில் முட்டும்போது நகரும் சட்டம் கீழே இறங்கும், அதன் அடியில் உள்ள தள்ளுதண்டு வேலையை அழுத்தும். ஜாக்கும் தள்ளுதண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்வரை நகரும் சட்டத்துக்கு வளைவே கிடையாது, 25 மி.மீ. தகடு போதும். கோடு விலகினால் அந்தச் சட்டம் சாய்ந்து தூணில் இறுகிக்கொள்ளும். ஜாக்கும் சட்டமும் சேர்ந்து 25 கிலோ அளவுக்கு வரும். திரும்ப மேலே இழுக்கும் இரண்டு ஸ்பிரிங்கும் சேர்த்து அதைப்போல் இரு மடங்கு இழுக்க வேண்டும், ஜாக் உருளைக்குள் இருக்கும் எண்ணெயையும் அதுதானே திரும்பத் தள்ளுகிறது. டயர் டியூப் பட்டை கட்டுவார்கள். அது வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது.

தரைக்கு வருவோம். பிரஸ்ஸின் 20 டன்னும் சட்டத்துக்குள்ளேயே சுற்றி முடிகிறது, தரைக்கு இறங்குவது அதன் சொந்த எடை மட்டும். எனவே தடித்த அடித்தளம் பலத்துக்காக இல்லை, மணல் தரையில் சாயாமல் இருப்பதற்காக. 90 செ.மீ.க்கு 90 செ.மீ., 15 செ.மீ. கனம், 8 மி.மீ. கம்பி 15 செ.மீ.க்கு ஒன்று. கடற்கரை மணலும் உவர் கிணற்று நீரும் இதில் சேரவே கூடாது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிரஸ்ஸின் கால் முன்பின்னாக 60 செ.மீ. நீளம் இருக்கட்டும்.

எல்லாம் மாட்டியபின் நேர் பார்க்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து 1 மி.மீ.க்குள் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அது சட்டம் சதுரமா என்பதைச் சொல்லும், அழுத்தம் நேராக இறங்குகிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு நம் கரையில் வீட்டுக்கு வீடு கிடக்கும் பொருள் ஒன்று போதும்: வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. ஒரே அச்சில் வார்த்த, ஒரே எடையுள்ள நான்கு குண்டை எடுங்கள். மேடையில் தட்டையான 150 மி.மீ. சதுரத் தகட்டை வைத்து, நாலு மூலையிலும் ஒவ்வொரு குண்டு. மேலே இன்னொரு தகடு. அதன் நடுவில் தள்ளுதண்டை இறக்கி, ஜாக்கை மெல்ல நாலைந்து முறை அடியுங்கள். ஈயம் மெத்தென்று நசுங்கும். எடுத்து வெர்னியரில் ஒவ்வொன்றின் கனத்தையும் பாருங்கள். நாலும் 0.2 மி.மீ.க்குள் ஒத்திருந்தால் உங்கள் பிரஸ் நேராக இருக்கிறது. இடதுபக்க இரண்டும் மெலிந்து வலதுபக்க இரண்டும் தடித்திருந்தால் மேடை இடப்பக்கம் உயர்ந்திருக்கிறது, பின் ஓட்டையைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் மெலிந்தால் நகரும் சட்டம் முன்னால் சாய்கிறது, வழிகாட்டியில் ஆட்டம் இருக்கிறது. இந்தச் சோதனையை வருடம் ஒருமுறை செய்யுங்கள். நசுங்கிய ஈயத்தை மறுபடி வார்த்துக்கொள்ளலாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், பிள்ளைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள்.

கடையில் வாங்குவது பற்றி. நேரமில்லை என்றால் வாங்குங்கள், குற்றமில்லை. ஆனால் மூன்றை மாற்றாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஒன்று, கூடவே வரும் வார்ப்பிரும்புத் தாங்குகட்டைகள். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை தராது, வெடித்துச் சிதறும். அதைத் தூக்கி ஓரம் போட்டுவிட்டு 40 மி.மீ. கனத்தில் எம்.எஸ். அல்லது இ.என். 8 கட்டை இரண்டை லேத் பட்டறையில் நறுக்கி, முகம் சீவி வாங்குங்கள். இரண்டு, நகரும் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ஆட்டம். 4, 5 மி.மீ. இருப்பது சாதாரணம். நைலான் பட்டையைச் சீவி, ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி வரும்படி திருகி மாட்டுங்கள். நைலான் துருப்பிடிக்காது, எண்ணெயும் கேட்காது.

மூன்றாவது, அழுத்தமானி. என்னைக் கேட்டால் ஒரு பிரஸ்ஸில் செய்யத்தக்க மாற்றங்களில் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. மானி மாட்டத் துளையோடு வரும் ஜாக்காகப் பார்த்து வாங்குங்கள். இல்லாத ஜாக்கை வீட்டில் துளைக்க வேண்டாம், உருளைக்குள் இரும்புத்தூள் போனால் சீல் போச்சு. மானி காட்டுவது எண்ணெய் அழுத்தத்தை. அதை ஜாக் உருளையின் உள்பரப்பால் பெருக்கினால் விசை. உள்விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு 28.3 சதுர செ.மீ. மானி சதுர செ.மீ.க்கு 200 கிலோ காட்டினால் 5,660 கிலோ, ஐந்தரை டன்னுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை ஒரு தகட்டில் எழுதித் தூணில் ஒட்டிவிடுங்கள். புதிய 6306 பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது முள் ஏறிக்கொண்டே போய், பேரிங் நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். பேரிங் கோணிக்கொண்டது, அல்லது தண்டில் பிசிறு இருக்கிறது. மானி இல்லாதவன் அதே இடத்தில் இன்னும் நாலு அடி அடிப்பான்.

கைப்பிடியில் குழாய் சொருகி நீட்டுவது, ஜாக்கின் மிகைபாரத் திருகை இறுக்குவது இரண்டும் மாற்றமே இல்லை, கேடு. மேடையை ஏற்றி இறக்கச் சின்னக் கைவின்ச் பொருத்துவது நல்ல மாற்றம். 30 கிலோ மேடையை ஒரு கையில் தாங்கி மறு கையில் பின் சொருகும்போதுதான் விரல் நசுங்குகிறது. ஆனால் பின் மேல் மேடை உட்கார்ந்ததும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இறுகிய கயிறோடு ஜாக்கை அடித்தால் பாரம் வின்ச்சில் ஏறி, கயிறு அறுந்து முகத்துக்கு வரும்.

இனி வேலை செய்யும் முறை. பேரிங்கில் எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அதை மட்டும் அழுத்த வேண்டும். தண்டில் ஏற்றினால் உள்வளையம், கூட்டில் (பேரிங் உட்காரும் உறை) இறக்கினால் வெளிவளையம். மாற்றி அழுத்தினால் விசை முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, இன்ஜின் ஓடும்போது உறுமும். 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. அந்த அளவுக்குக் குழாய்த் துண்டுகளை முகம் சீவி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 04-இல் தொடங்கி மேலே எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பேரிங்கைச் சூடாக்கினால் பிரஸ்ஸுக்கு வேலை குறையும். 30 மி.மீ. உள்விட்டம் 70 டிகிரி கூடுதல் சூட்டில் 0.025 மி.மீ. விரியும், பெரும்பாலும் அதுவே போதும். 110 டிகிரியோடு நிறுத்துங்கள், கேஸ் தீயை நேரே காட்டாதீர்கள். சீல் வைத்த பேரிங்கை இதற்குக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பரும் கெடும்.

வெண்கல புஷ்ஷுக்கு எதிர்வழி, குளிர். படகுக்கு ஏற்றும் ஐஸை உடைத்து உப்புக் கலந்து, புஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்குள் ஒரு மணி நேரம் புதைத்து வையுங்கள். மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும். வெயில் 32 டிகிரி என்றால் 40 மி.மீ. வெண்கலம் 0.03 மி.மீ. சுருங்கும். வெளியே எடுத்ததும் துடைத்துவிட்டு உடனே அழுத்துங்கள், நின்று பேசிக்கொண்டிருந்தால் பனி கோத்துப் பழைய அளவுக்கே வந்துவிடும். புஷ்ஷின் நுழைமுனையில் சிறு சரிவு சீவியிருக்க வேண்டும். உள்ளே போனபின் அதன் துளை இறுகும், ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டுத்தான் தண்டின் அளவுக்குக் கொண்டுவர முடியும். ரப்பர் உள்பூச்சு உள்ள தண்டு பேரிங் என்றால் பித்தளை ஓட்டின் விளிம்பில் மட்டும் அழுத்துங்கள். ரப்பரில் கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

கழற்றுவதில்தான் ஆபத்து. கடல்நீர் பட்டுத் துருவில் இறுகிய பேரிங் பத்து டன்னிலும் அசையாமல் நின்று, திடீரென்று பட்டென்று விடும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கூடு அலுமினியம் என்றால் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பாரம் ஏற்றி வைத்த நிலையில் பேரிங்கைச் சுத்தியலால் தட்டவே கூடாது. கடினமாக்கிய எஃகு வளையம் அந்த நிலையில் கண்ணாடி போல உடைந்து பறக்கும். தட்டியே ஆக வேண்டும் என்றால் கூட்டை, செம்புச் சுத்தியால் தட்டுங்கள். மேடைக்கு முன்னால் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு கதவு தொங்கட்டும், நடுவே பார்க்க 8 மி.மீ. பாலிகார்பனேட் சன்னல். அக்ரிலிக் வேண்டாம், அதுவே உடையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜாக் கைப்பிடியின் பக்கவாட்டில் நில்லுங்கள்.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டீர்கள். பெயின்டின் விலையைவிடப் பூசும் நாள் முக்கியம். கச்சான் காற்று அடிக்கிற நாளில் தேய்த்து வைத்த இரும்பில் சாயங்காலத்துக்குள் உப்புப் படிந்துவிடும். அதன் மேல் எவ்வளவு நல்ல எபாக்சி பூசினாலும் சில மாதத்தில் கொப்புளம் எழும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே துத்தநாக எபாக்சி பிரைமரை ஏற்றிவிடுங்கள். அதன்மேல் எபாக்சி இரண்டு கோட். சேனல் சேருமிடத்து இடுக்குகளைப் பூட்டுவதற்கு முன்பே பூசுங்கள். காலில் தண்ணீர் தேங்கும் இடத்தில் 10 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். பின், ஓட்டை, வழுக்கும் முகம் இவற்றில் பெயின்ட் வேண்டாம், கிரீஸ் தடவி வையுங்கள்.

விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும்போதுதான் இன்ஜின் வேலை எல்லாம் ஒன்றாகக் குவியும். பிரஸ்ஸைப் பங்குனிக்குள் முடித்து, ஈயக்குண்டுச் சோதனையும் பார்த்துவிட்டால் அந்த நெருக்கடிக்கு ஆகும். அது முடிந்ததும் ஜாக்கைக் கழற்றி எண்ணெய் மாற்றுங்கள், வி.ஜி. 32 ஹைட்ராலிக் எண்ணெய். பிரேக் எண்ணெய் ஊற்றினால் சீல் ஊதிப் பாழாகும். தண்டு முழுக்க இறங்கிய நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும், தண்டு ஏறியிருக்கும்போது நிரப்பினால் இறங்கும்போது எண்ணெய் பிதுங்கி வெளியே வரும். வேலையில்லாத நாளில் தண்டு ஜாக்குக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே நீட்டி நின்றால் அதன் பளபளப்பில் உப்பு ஊசிமுனையளவு குழிகளைத் தோண்டும். அந்தத் தண்டு திரும்ப உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் சீலை அரம் போல் அராவிக்கொண்டுதான் போகும்.